ஊட்டியிலிருந்து லண்டன்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? நீலகிரிக்காரர்களுக்கான கேள்வி பதில்

நர்ஸ் வேலைக்கும் மேற்படிப்புக்கும் லண்டன் போன பிள்ளைகள் குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று நீலகிரியின் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறார்கள். மகளின் பிரசவத்துக்கோ, பேரனைப் பார்க்கவோ முதல் முறையாக விமானம் ஏறும் அப்பா அம்மாக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இணையத்தில் தேடினால் வரும் கிலோமீட்டரையும் மணி நேரத்தையும் மட்டும் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள். வீட்டு வாசலில் தொடங்கி, பிள்ளையின் வீட்டு வாசல்வரை கணக்குப் போடுங்கள். அந்தக் கணக்கில் மலைப்பாதைக்குத் தாராளமாக இடம் விடுங்கள்.

ஊட்டிக்கும் லண்டனுக்கும் இடையே எத்தனை கிலோமீட்டர்?

நேர்க்கோட்டில் சுமார் 8,130 கிலோமீட்டர். ஊட்டியில் விமானம் ஏற முடியாது என்பதால் விமான நிலையங்களின் தூரத்தைத்தான் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்குச் சுமார் 8,190, பெங்களூரிலிருந்து 8,050, சென்னையிலிருந்து 8,230 கிலோமீட்டர். மூன்றுக்கும் நடுவே உள்ள அதிகபட்ச வித்தியாசம் 200 கிலோமீட்டருக்குள்தான். விமானம் அதைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஆகவே எந்த ஊரில் ஏறுவது என்பதை விமானத் தூரத்தை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை.

சில தளங்கள் மைலில் சொல்லும், சில கடல் மைலில் சொல்லும். ஒரு மைல் 1.609 கிலோமீட்டர், ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். எண்கள் பொருந்தாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நேர்க்கோடு என்கிறீர்கள். ஆனால் சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையில் விமானம் வளைந்து வளைந்து போகிறதே?

திரையில் இருப்பது தட்டையான வரைபடம், பூமி உருண்டை. ஒரு பரங்கிக்காயின் மேல் இரண்டு புள்ளி வைத்து, அவற்றுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் எந்த வழியாகப் படிகிறதோ அதுதான் மிகக் குறுகிய வழி. அதே வழியைத் தாளில் வரைந்தால் வடக்குப் பக்கம் வளைந்த கோடாகத் தெரியும்.

தென்னிந்தியாவிலிருந்து லண்டனுக்கு அந்த நூலைப் பிடித்தால் அது மும்பைப் பக்கமாகப் போய், அரபிக்கடல், ஈரான், துருக்கி, கருங்கடல் வட்டாரம், பிறகு ஐரோப்பா என்று படியும். உண்மையில் விமானம் இதை அப்படியே பின்பற்றாது. காற்று, போர், மூடப்பட்ட வான்வெளி, வான்போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று பல காரணங்களால் சில நூறு கிலோமீட்டர் அங்கே இங்கே விலகும்.

கோயம்புத்தூரிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் உண்டா?

இல்லை. கோயம்புத்தூர் விமான நிலையம் இருக்கும் பீளமேட்டிலிருந்து வெளிநாட்டுக்கு நேரடியாகப் போக ஷார்ஜா, சிங்கப்பூர் சேவைகள் பல ஆண்டுகளாக உண்டு. அபுதாபி சேவை 2024 ஆகஸ்டில் தொடங்கியது. லண்டன் என்றால் எங்காவது ஓரிடத்தில் மாறித்தான் ஆக வேண்டும். இறங்காமல் போக வேண்டுமென்றால் சென்னை, பெங்களூர், மும்பை, டெல்லி போன்ற ஊர்களுக்குப் போய் அங்கே ஏற வேண்டும். விமான அட்டவணை கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று என்று மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் மாறும். போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் போன விமானம் இந்த வருஷமும் இருக்கும் என்று நம்பி லீவு போடாதீர்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வழியில் மாறிப் போனால் தூரம் கூடிவிடாதா? சுற்று வழி ஆகாதா?

பலரும் பயப்படுவது இதற்குத்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் போய்விடும்.

கோயம்புத்தூரிலிருந்து மும்பை சுமார் 1,000 கிலோமீட்டர். மும்பையிலிருந்து ஹீத்ரோ சுமார் 7,210. கூட்டினால் 8,210. நேர்க்கோட்டுத் தூரமே 8,190 என்று மேலே பார்த்தோம். அதாவது மும்பையில் மாறுவதால் கூடுவது ஏறத்தாழ 20 கிலோமீட்டர், மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர் போகும் தூரம். மேலே சொன்ன நூல் மும்பைக்கு அருகிலேயே போகிறது என்பதுதான் இதற்குக் காரணம்.

வளைகுடா வழியும் அப்படித்தான். கோயம்புத்தூர்–அபுதாபி சுமார் 2,800, அபுதாபி–லண்டன் சுமார் 5,530. கூட்டினால் 8,330; கூடுதல் 150 கிலோமீட்டருக்குள். டெல்லி வழியாகப் போனால் 1,950 கிலோமீட்டர் நேர் வடக்கே போய்விட்டு மேற்கே திரும்புவதால் மொத்தம் 8,680 வரை ஆகும். அதுவும் பெரிய சுற்று இல்லை, அரை மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம்.

சிங்கப்பூர் வழியாக மட்டும் லண்டனுக்கு யோசிக்கவே வேண்டாம். மேற்கே போக வேண்டியவர் 3,160 கிலோமீட்டர் கிழக்கே போய், அங்கிருந்து மறுபடி 10,880 கிலோமீட்டர் வர வேண்டும். மொத்தம் 14,000. டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் வயதானவர்களை அப்படி அனுப்பாதீர்கள்.

மாறிப் போவதால் கூடுவது காத்திருக்கும் நேரம்தான், தூரம் கிடையாது. எனவே டிக்கெட் எடுக்கும்போது "எந்த ஊர் வழி?" என்பதைவிட "அங்கே எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும்?" என்று கேளுங்கள்.

விமானத்தில் எத்தனை மணி நேரம்? போகும்போதும் வரும்போதும் ஒரே நேரம்தானா?

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ நேரடியாகப் போனால் பத்தரை முதல் பதினொரு மணி நேரம். மும்பையிலிருந்து ஏறத்தாழ பத்து மணி நேரம். அபுதாபியிலிருந்து ஏழரை மணி நேரம். கோயம்புத்தூரிலிருந்து அபுதாபிக்கு நாலு மணி நேரம்.

திரும்பி வரும்போது பெரும்பாலும் ஒரு மணி நேரம் வரை குறையும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் பலத்த காற்று ஒன்று உண்டு, ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அதன் வேகம் மணிக்கு 150, 200 கிலோமீட்டரையும் தாண்டும். லண்டனுக்குப் போகும்போது அது எதிர்க்காற்று. வரும்போது முதுகில் தள்ளும் காற்று.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் பறக்கும் நேரம் மட்டுமல்ல. கேட்டை விட்டு நகர்வது, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, இறங்கியபின் மறுபடி கேட்டுக்கு வருவது எல்லாம் அதில் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் 8,200 கிலோமீட்டரை 900 வேகத்தால் வகுத்தால் ஒன்பது மணி நேரம் வருகிறது, டிக்கெட்டில் பதினொன்று போட்டிருக்கிறது.

சில விமானங்கள் முன்பைவிடச் சுற்றிப் போகின்றனவாமே?

ஆமாம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியது. இதில் அதிகம் அடிபட்டது டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்கள். அவை தெற்கே இறங்கி அரபிக்கடல் பக்கமாகச் சுற்ற வேண்டும். தெற்கிலிருந்து போகும் விமானங்களுக்குப் பாதிப்பு குறைவு. 2019-லும் சில மாதங்கள் இப்படி ஒரு மூடல் இருந்தது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்தே மூடியிருக்கிறது. மேற்காசியாவில் பதற்றம் வந்தால் ஈரான், ஈராக் பக்கமும் வழி மாறும். புறப்படும் வாரத்தில் ஒருமுறை நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டில் 1:30க்குப் புறப்பட்டு 6:00க்கு லண்டன் என்று இருக்கிறது. நாலரை மணி நேரத்தில் எப்படிப் போகும்?

டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். மும்பையில் அதிகாலை 1:30 என்பது நம் நேரம். லண்டனில் காலை 6:00 என்பது அவர்கள் நேரம். குளிர்காலத்தில் அப்போது நமக்கு 11:30. ஆக பத்து மணி நேரப் பயணம்.

குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பார்கள். அப்போது நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். நாம் வருஷம் முழுவதும் கடிகாரத்தைத் தொடுவதில்லை. திரும்பும்போது இதற்கு நேர்மாறாக இருக்கும்: குளிர்காலத்தில் இரவு 9:00க்கு அங்கே ஏறினால் மறுநாள் காலை 11:30க்கு இங்கே, பார்க்கப் பதினாலரை மணி நேரம் போலத் தெரியும், உண்மையில் ஒன்பது.

இதைவிட முக்கியமான ஒன்று. "செவ்வாய் 1:30" என்று டிக்கெட்டில் இருந்தால் அது திங்கள் இரவு தூங்கப் போகும் நேரத்துக்குப் பிறகு வரும் ஒன்றரை மணி. திங்கள்கிழமையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நள்ளிரவு தாண்டிய விமானங்களில் தேதியைத் தப்பாகப் படித்து விமானத்தைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. பெற்றோருக்கு டிக்கெட் அனுப்பும் பிள்ளைகள் "திங்கள் மதியம் வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று தனியாக ஒரு வரி தமிழில் எழுதி அனுப்புங்கள். அந்த ஒரு வரி போதும்.

சரி, வீட்டிலிருந்து வீடுவரை மொத்தம் எவ்வளவு நேரம்?

கோத்தகிரியில் கிளம்பி, லண்டனின் கிழக்கே ஈஸ்ட் ஹாமில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாக ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். நேரங்கள் உதாரணத்துக்காகத்தான், மாதம் ஜனவரி.

திங்கள் மதியம் 12 மணிக்கு வீட்டை விட்டு இறங்குகிறீர்கள். 3 மணிக்குப் பீளமேடு. 5:30க்கு மும்பை விமானம், 7:30க்கு மும்பை. அங்கே இமிகிரேஷன், பாதுகாப்புச் சோதனை, சாப்பாடு, காத்திருப்பு. அதிகாலை 1:30க்கு லண்டன் விமானம். பத்து மணி நேரம் கழித்து லண்டன் நேரம் காலை 6 மணிக்கு ஹீத்ரோ. வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர 7:30. ஈஸ்ட் ஹாம் போய்ச் சேர 9 மணி. நம் ஊர்க் கணக்கில் அது செவ்வாய் மதியம் இரண்டரை.

மொத்தம் இருபத்தாறரை மணி நேரம். அதில் விமானத்துக்குள் இருந்தது பன்னிரண்டு மணி நேரம்தான். மீதி முழுவதும் சாலையும் வரிசையும் காத்திருப்பும். இணையத்தில் "கோயம்புத்தூர்–லண்டன்" என்று தேடினால் இந்தப் பாதி கண்ணில் படாது. நீரிழிவுக்கு மாத்திரை போடுகிறவர்கள், மூட்டுவலி உள்ளவர்கள் எல்லாம் திட்டமிட வேண்டியது இந்த இருபத்தாறரை மணி நேரத்துக்கு.

மலையிலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் போக எவ்வளவு நேரம் வைத்துக்கொள்வது?

ஊட்டியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சாதாரண நாளில் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை நம்பி விமானத்துக்குக் கிளம்பக் கூடாது, ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் அதுவும் போதாது, முந்தின நாளே இறங்கிவிடுங்கள்.

காரணங்களை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் டிக்கெட் எடுக்கும் பிள்ளைகள் தூரத்தில் இருப்பதால் மறந்துவிடுகிறார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிப் பக்கச் சரிவுகளில்தான் அடிக்கும். பர்லியார் பக்கம் ஒரு மரம் விழுந்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். மண் சரிந்தால் நாள் கணக்கு. 2009 நவம்பரில் நடந்த மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், சாலைகள் பல இடங்களில் அறுந்துபோயின. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையின் பலம் கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது.

ஏப்ரல், மே சீசனில் வேறு பிரச்சினை. ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக மாற்றுவார்கள். ஊட்டியிலிருந்து விமானத்துக்குப் போகிறவர் கோத்தகிரி வழிதான் இறங்க வேண்டியிருக்கும். மலர்க் கண்காட்சி வாரத்தில் ஊட்டியின் சேரிங் கிராஸைத் தாண்டவே நேரம் பிடிக்கும்.

இரவில் இறங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. கல்லார், பர்லியார் பகுதியில் யானை நடமாட்டம் உண்டு, மேகம் இறங்கினால் பத்தடி தள்ளித் தெரியாது, ஓட்டுநருக்கும் தூக்கம் வரும். அதிகாலை விமானம் என்றால் பகல் வெளிச்சத்திலேயே இறங்கி, மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ படுத்து எழுந்து போங்கள். லட்சக்கணக்கில் செலவு செய்யும் பயணத்தில் ஒரு இரவு அறை வாடகை பெரிய செலவில்லை.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் நேராகக் கோயம்புத்தூர் ஊருக்குள் நுழையாமல் அன்னூர், கோவில்பாளையம் வழியாகப் போனால் பீளமேட்டுக்கு நகர நெரிசல் குறைவு. மாலை நேரத்தில் இது உதவும்.

மலை ரயிலில் இறங்கிப் போகலாமா?

ஆசையாக இருந்தால் வேறொரு நாள் போங்கள். மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கிலோமீட்டர். ஏற ஐந்து மணி நேரம், இறங்க மூன்றரை மணி நேரம் ஆகும். அந்த ஐந்து மணி நேரத்தில் விமானம் 4,000 கிலோமீட்டர் போய்விடும். மழையில் பாதையில் பாறை விழுந்து ரத்தாவதும் அடிக்கடி நடக்கும். பெரிய பெட்டிகளுக்கும் அதில் இடமில்லை.

பெங்களூர், சென்னை, கொச்சி, கோழிக்கோடு: யாருக்கு எது நல்லது?

குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்குக் கோயம்புத்தூரில் ஏறி மும்பையிலோ டெல்லியிலோ மாறுவதுதான் என் முதல் தேர்வு. சாலைப் பயணம் குறைவு, பெட்டியை ஒரே இடத்தில் கொடுத்துவிடலாம்.

பெங்களூரில் நேரடி விமானம் உண்டு என்று சிலர் அங்கே போகிறார்கள். ஊட்டியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் 300 கிலோமீட்டரைத் தாண்டும். 2023-ல் மைசூர்–பெங்களூர் விரைவுச்சாலை வந்தபின் அந்தப் பகுதி வேகமாகிவிட்டது. ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, நாம் வருவது தெற்கேயிருந்து. நகரைத் தாண்டுவதையும் சேர்த்து எட்டு மணி நேரம் வையுங்கள். முதுமலை–பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. சத்தியமங்கலம், திம்பம் வழியிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. கூட்டிப் பார்த்தால் மொத்த நேரம் கோயம்புத்தூர்–மும்பை வழிக்குச் சமமாகவே வரும். ஆனால் விமானம் மாறத் தயங்கும் பெரியவர்களுக்கு இந்த வழி மனசுக்கு நிம்மதி. ஒருமுறை ஏறினால் லண்டனில்தான் இறங்குவது.

சென்னை வழி என்றால் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு ஏறி, காலையில் சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ ரயிலில் மீனம்பாக்கம் போய்விடலாம். மொத்த நேரம் கூடும், ஆனால் ராத்திரி படுத்துத் தூங்கிக்கொண்டே போகலாம். சென்னையில் தங்க உறவினர் இருந்தால் நல்ல வழி.

கூடலூர், பந்தலூர்க்காரர்களின் கணக்கே வேறு. அவர்கள் ஊட்டி ஏறிக் கோயம்புத்தூர் இறங்குவதைவிட நாடுகாணி, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோட்டின் கரிப்பூர் விமான நிலையம் போவது சுலபம். கூடலூரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அங்கிருந்து வளைகுடா நகரங்களுக்கு நிறைய விமானங்கள் உண்டு, வளைகுடா வழி லண்டனுக்குச் சுற்று இல்லை என்பதை மேலேயே பார்த்தோம். ஆடி மழையில் நாடுகாணிச் சுரமும் சரியும், அதை மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கொச்சி நெடும்பாசேரி கோயம்புத்தூரிலிருந்து இன்னும் 160 கிலோமீட்டர் போல. வளைகுடா வழி டிக்கெட் அங்கே நல்ல விலைக்குக் கிடைத்தால் யோசிக்கலாம்.

இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால் பணம் குறைகிறதே?

குறையும். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அந்த நஷ்டம் முழுக்க உங்களுடையது. ஒரே டிக்கெட்டாக, ஒரே பிஎன்ஆரில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. பெட்டியும் பொதுவாக நேரே லண்டனுக்குப் போய்விடும்.

வளைகுடாவில் தனி டிக்கெட் இன்னொரு சிக்கலைக் கொண்டுவரும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவரை பொதுவாக அங்கே விசா தேவைப்படாது. பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தால் அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், அதற்கு விசா வேண்டும். முதல் முறை போகும் பெற்றோருக்குத் தனி டிக்கெட் எடுக்கவே எடுக்காதீர்கள். இதில் மட்டும் நான் பிடிவாதம்.

மும்பையில் மாறும்போது பெட்டியை எடுக்க வேண்டுமா?

போகும்போது ஒரே டிக்கெட் என்றால் பெரும்பாலும் வேண்டாம். இமிகிரேஷன் முத்திரை மட்டும் மும்பையில் விழும். திரும்பும்போது கதை வேறு. இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரில்தான் இமிகிரேஷனும் கஸ்டம்ஸும். மும்பையில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்த இடைவெளி வேண்டாம். வளைகுடா வழியாக வந்தால் இந்த வேலை கடைசி ஊரில் முடியும். கோயம்புத்தூரிலோ கோழிக்கோட்டிலோ பெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வண்டி ஏறலாம்.

நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வீல்சேர் வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே, குறைந்தது இரண்டு நாள் முன்பாவது சொல்லிவிடுங்கள். மொழி தெரியாதவர்களுக்கும் அது பெரிய துணை; தள்ளிக்கொண்டு போகிறவரே சரியான கேட்டில் கொண்டுவிடுவார்.

விமானத்துக்குள் மூச்சு முட்டுமா? காது அடைக்குமா?

இதில் நீலகிரிக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தத்தை 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பது போல வைத்திருப்பார்கள். குன்னூர் 6,000 அடி, ஊட்டி 7,350 அடி. நாம் தினமும் மூச்சுவிடும் காற்றுதான் அது. தொட்டபெட்டா உச்சி 8,650 அடி. அந்த அளவுக்கு விமானத்துக்குள் காற்று மெலியாது. இருந்தாலும் இதயம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது.

காது அடைப்பது இறங்கும்போது. குன்னூரிலிருந்து கல்லார் இறங்கும்போது காதில் ஏற்படும் அதே அடைப்புதான். எச்சில் விழுங்குங்கள், மிட்டாய் சப்புங்கள், விடும். நமக்குப் புதிதாக இருப்பது உள்ளே உள்ள வறட்சி. மலையின் ஈரக்காற்றில் பழகிய தொண்டையும் மூக்கும் காய்ந்துபோகும். தண்ணீர் கேட்டுக் கேட்டுக் குடியுங்கள், வெட்கப்பட வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

நீலகிரியிலேயே ஒரு விமான நிலையம் வந்தால் என்ன?

பெரிய விமானம் இறங்க நீளமான சமதளம் வேண்டும்; இங்கே சமதளம் என்றால் காடு, புல்வெளி, சதுப்பு, தேயிலை. அவற்றை அழித்துக் கொண்டுவர வேண்டிய வசதி அது இல்லை என்பது என் கருத்து. ஊட்டிக்கு அருகே தீட்டுக்கல்லில் ஹெலிகாப்டர் தளம் இருக்கிறது. மேகம் இறங்கும் மலையில் பறப்பது எவ்வளவு ஆபத்து என்பதை 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் நடந்த ராணுவ ஹெலிகாப்டர் விபத்தில் பார்த்தோம். முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் பயணித்தவர்கள் இறந்தார்கள்.

அந்தக் காலத்தில் எப்படிப் போய் வந்தார்கள்?

1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்த மலைக்கு வந்த காலத்தில் இங்கிலாந்துக் கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் வந்தன. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் அது வாரக்கணக்கானது. 1932 அக்டோபரில் கராச்சியிலிருந்து பம்பாய் வழியாகச் சென்னைக்கு டாடாவின் தபால் விமானம் பறந்தபின், லண்டனிலிருந்து வான்வழியே வந்த கடிதங்கள் தெற்குக்குச் சீக்கிரம் வரத் தொடங்கின. 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் முதல் லண்டன் விமானம் பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாகப் போனது.

லண்டன் போனதும் தூக்கம் கெடுமா?

கொஞ்சம். மேற்கே போகும்போது பகல் நீள்கிறது, உடம்பு சீக்கிரம் ஒத்துக்கொள்ளும். முதல் சில நாள் மாலையில் தூக்கம் சொக்கும், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். பகலில் வெளியே நடந்தால் சரியாகும். திரும்பி வந்தபின் பலருக்கு ஒரு வாரம்வரை இழுக்கும்.

வர்க்கி, தைலம், டீத்தூள் கொண்டுபோகலாமா?

டீத்தூள் தாராளமாக. வர்க்கி கைப்பையில் வைத்தால் நொறுங்காது. இறைச்சி, பால், பால்கோவா, நெய் வகையறா பிரிட்டனுக்குள் அனுமதியில்லை. யூகலிப்டஸ் தைலம் தீப்பற்றும் பொருள். பெரிய பாட்டில் வேண்டவே வேண்டாம். கைப்பையில் எந்தத் திரவமும் 100 மில்லிக்குள் இருக்கட்டும்.

லண்டன் இல்லாமல் வேறு ஊர் என்றால்?

இதே முறையில் கணக்குப் போடுங்கள். கோயம்புத்தூரிலிருந்து சிட்னி சுமார் 9,270 கிலோமீட்டர். அதற்குச் சிங்கப்பூர் நல்ல வழி, கூடுவது 200 கிலோமீட்டர் போலத்தான். டொரான்டோ சுமார் 13,500. அதற்கு வளைகுடாவோ டெல்லியோ ஐரோப்பாவோ வழி. எங்கே மாறினாலும் இரண்டு பகுதித் தூரத்தையும் கூட்டி நேர்த் தூரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுற்று எவ்வளவு என்று உடனே தெரிந்துவிடும்.

ஹெத்தை ஹப்பாவுக்கு ஊர் வரும் பிள்ளைகளுக்கு என்ன சொல்வீர்கள்?

படுகர்களின் திருவிழாவான ஹெத்தை ஹப்பா டிசம்பர், ஜனவரியில் வரும். அதே நேரத்தில் கிறிஸ்துமஸ் விடுமுறையும் இருப்பதால் லண்டனிலிருந்து டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும். நாள் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். பேரகணியில் திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கோயம்புத்தூரில் இறங்குவது போலத் திட்டமிடாதீர்கள். நடுவே முழுதாக ஒரு நாளாவது இருக்கட்டும்.

கோயம்புத்தூரில் வாடகைக் கார் எடுத்தால் அந்த வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நீலகிரிப் பதிவெண் உள்ள வண்டிக்கும் அரசுப் பேருந்துக்கும் தேவையில்லை. அதனால் ஊரிலிருந்து தெரிந்த ஓட்டுநர் ஒருவரைக் கீழே வரச்சொல்வதே வசதி. இரவு ஒன்பது மணிக்குமேல் இறங்கினால் அவரையும் கீழேயே தங்கச் சொல்லி, காலையில் வெளிச்சம் வந்தபின் ஏறுங்கள்.